லட்சத்துல சம்பளம் வாங்குற பைலட்டுக்கு சங்கம் எதுக்கு? விமானம் ரத்தாவதன் பின்னணி என்ன?

கோட்டக்குப்பம்:-

புதுவை லாஸ்பேட்டை விமான நிலையம் கோட்டக்குப்பத்தில் இருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அது தவிர, கிழக்கு கடற்கரை சாலை வழியாக சென்னை மீனம்பாக்கம் போய் துபாய், மஸ்கட், பாரீஸ் என்று விமானம் ஏறுகிறவர்களும் இந்த பகுதியில் ஏராளம்.

விமான நிலையத்துக்கு போன பிறகு "பிளைட் ரத்து" என்று சொன்னால் எப்படி இருக்கும்? விசா தேதி முடிகிறது. கம்பெனியில் சேர வேண்டிய நாள் தவறுகிறது. பெட்டி, படுக்கையோடு திரும்பி வர வேண்டும். காரணம் கேட்டால் "பைலட் லீவு", "ஊழியர் பிரச்சினை" என்று ஒரே வரியில் பதில் வரும்.

உடனே நம் ஆட்கள் கேட்கிற கேள்வி இதுதான். "மாசம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குறவங்களுக்கு சங்கம் எதுக்கு? ஸ்டிரைக் எதுக்கு? உப்பளத்துல வெயில்ல காயறவன் கேட்டா நியாயம். இவங்களுக்கு என்ன குறை?"

கேள்வி நியாயமானதுதான். பதிலில் பயணியின் உயிரும் சம்பந்தப்பட்டு இருக்கிறது. இது குறித்த விவரம் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

சங்கம் வைக்கும் உரிமை நம் நாட்டில் சும்மா வந்து விடவில்லை. 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி சென்னையில் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது மில் நிர்வாகம் கோர்ட்டுக்கு போனது. அந்த வழக்கின் விளைவாக எழுந்த கோரிக்கையால்தான் 1926-ம் ஆண்டு தொழிற்சங்க சட்டம் வந்தது.

நம் பக்கத்து ஊரான புதுவையில் நடந்தது அதை விட கொடுமை. 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றுக்காக போராடிய மில் தொழிலாளர்கள் மீது 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி பிரெஞ்சு ஆட்சியின் போலீசார் துப்பாக்கி சூடு நடத்தினர். 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அதன் பிறகுதான் புதுவைக்கு 8 மணி நேர வேலை சட்டம் கிடைத்தது.

சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கத்தை பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

சரி, பைலட் "தொழிலாளி" கணக்கில் வருவாரா? வருவார். உடல் உழைப்பு மட்டும் அல்ல, திறமையான வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவரும் சட்டப்படி தொழிலாளிதான். சம்பள வரம்பு என்பது மேற்பார்வை வேலை பார்ப்பவருக்கு மட்டும்தான் உண்டு. இயந்திரத்தை இயக்குபவர் எத்தனை லட்சம் வாங்கினாலும் அவர் தொழிலாளிதான்.

"விமானத்துக்கு கேப்டன்தானே தலைவர், அவர் மேற்பார்வையாளர்" என்று சில நிறுவனங்கள் கோர்ட்டில் வாதாடி பார்த்தன. ஆனால் கிங் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், பைலட்டும் தொழிலாளிதான் என்று டெல்லி ஐகோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

பைலட்டின் குறை என்ன?

வெளியில் இருந்து பார்த்தால் வெள்ளை சட்டை, தொப்பி, ஸ்டார் ஓட்டல் தங்கல். உள்ளே வேறு கதை.

பைலட் லைசென்சு வாங்க குறைந்தது 200 மணி நேரம் பறந்து இருக்க வேண்டும். அதற்கு பல லட்சம் ரூபாய் செலவு. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட தனியாக பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கும் லட்சக்கணக்கில் பணம். வீட்டை அடமானம் வைத்து, கடன் வாங்கி படிப்பவர்கள்தான் அதிகம். சம்பளத்தில் பெரும் பகுதி அந்த கடனுக்கே போய் விடும்.

வேலையில் சேர்ந்தால் அடிக்கடி மருத்துவ பரிசோதனை. ரத்த அழுத்தம், கண் பார்வை என்று பெரிய கோளாறு வந்தால் வேலையே போகலாம். பஸ் டிரைவருக்கு லாரி ஓட்டும் வழியாவது உண்டு. பைலட்டுக்கு வேறு தொழில் தெரியாது.

வேலையை விட்டு போவதும் சுலபம் இல்லை. 2017-ம் ஆண்டு விமான போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) போட்ட விதிப்படி, கேப்டன் ராஜினாமா செய்தால் 1 வருடமும், கோ-பைலட் 6 மாதமும் நோட்டீசு காலத்தில் வேலை பார்க்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர் மாதிரி அடுத்த மாதமே நின்று விட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். இன்று விடியற்காலை 4 மணிக்கு டூட்டி, நாளை நள்ளிரவில் டூட்டி என்று மாறி மாறி வந்தால் உடம்பு தாங்காது. "எனக்கு அசதியாக இருக்கிறது, இன்று விமானம் ஓட்ட மாட்டேன்" என்று சொல்ல பைலட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் தனி ஆளாக சொன்னால் என்ன ஆகும்? அடுத்த மாத டூட்டி பட்டியலில் பழி வாங்கல் வருமோ, கேப்டன் பதவி உயர்வு தள்ளி போகுமோ என்ற பயம்.

இந்த பயம்தான் பிரச்சினையின் வேர். பயந்த பைலட் வாயை திறக்க மாட்டார். களைப்போடு காக்பிட்டில் போய் உட்காருவார். பின்னால் நாம் உட்கார்ந்து இருப்போம்.

மங்களூருவில் நடந்தது

2010-ம் ஆண்டு மே 22-ந்தேதி துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் ஓடுபாதையை தாண்டி பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 166 பேரில் 158 பேர் பலியானார்கள். 8 பேர் மட்டுமே உயிர் தப்பினர். பலியானவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவில் சம்பாதித்து ஊர் திரும்பியவர்கள், அவர்களின் குடும்பத்தினர்.

விசாரணையில் வெளியான தகவல் அதிர்ச்சியாக இருந்தது. பயணத்தின் பெரும் பகுதியில் கேப்டன் தூங்கி இருக்கிறார். காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டை சத்தம் பதிவாகி இருந்தது. கண் விழித்த பிறகும் தூக்க மயக்கம் தெளியாமல் விமானத்தை இறக்கி இருக்கிறார். "இறக்க வேண்டாம், திரும்ப மேலே போகலாம்" என்று கோ-பைலட் எச்சரித்தும் அது எடுபடவில்லை.

ஒரு சின்ன நிறுவனத்தின் கதை

சின்ன விமான நிறுவனங்களில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். பெரிய நிறுவனத்தில் ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் இருப்பார். சின்ன நிறுவனத்தில் ஆளே இருக்காது. இருப்பவரையே திரும்ப திரும்ப கூப்பிடுவார்கள்.

இதற்கு உதாரணம் அமெரிக்காவின் கோல்கன் ஏர். பெரிய கம்பெனிக்காக சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட்டிய நிறுவனம் அது. 2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி இரவு அதன் கியூ-400 ரக விமானம் பப்பலோ நகரம் அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் பலியானார்கள். அதே கியூ-400 ரக விமானத்தைத்தான் பிறகு ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் புதுவைக்கு ஓட்டியது.

விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறான முறையில் இயக்கியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. கோ-பைலட் சொற்ப சம்பளம் வாங்கியவர். வேலை பார்த்தது நியூயார்க் பக்கம், வீடு இருந்தது நாட்டின் மறுகோடியில் சியாட்டில் அருகே. முதல் நாள் இரவு முழுவதும் வேறு விமானங்களில் ஏறி டூட்டிக்கு வந்து இருக்கிறார். கேப்டன் முந்தைய இரவு ஊழியர் ஓய்வறையில் இருந்து இருக்கிறார். இருவருக்குமே சரியான படுக்கை, சரியான தூக்கம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். விபத்துக்கு 2 மாதம் முன்பு, 2008 டிசம்பரில்தான் அந்த நிறுவன பைலட்டுகள் ஓட்டெடுப்பு நடத்தி சங்கத்தில் சேர்ந்து இருந்தனர். ஒப்பந்தம் போடுவதற்குள் விபத்து நடந்து விட்டது. அதன் பிறகு பலியானவர்களின் குடும்பத்தினரும், பைலட் சங்கமும் விடாமல் குரல் கொடுத்தனர். அமெரிக்க அரசு பைலட்டின் ஓய்வு நேர விதிகளை மாற்றியது.

ஜெட் ஏர்வேசில் வெடித்த போராட்டம்

நம் நாட்டில் தனியார் விமான பைலட்டுகள் சங்கம் வைத்தபோது நடந்த பெரிய மோதல் 2009-ம் ஆண்டு ஜெட் ஏர்வேசில்தான்.

அதற்கு முந்தைய ஆண்டே அங்கு புகைச்சல் தொடங்கி விட்டது. 2008 அக்டோபரில் ஜெட் நிறுவனம் நூற்றுக்கணக்கான விமான ஊழியர்களை ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியது. சீருடையோடு அவர்கள் ரோட்டில் நின்று அழுத காட்சியை டி.வி.யில் நாடே பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அவர்களை திரும்ப எடுத்துக்கொண்டனர்.

"இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு" என்ற எண்ணம் பைலட்டுகளுக்கு வந்தது. 2009 ஜூலையில் தேசிய விமானிகள் சங்கம் (என்.ஏ.ஜி.) என்ற பெயரில் சங்கத்தை பதிவு செய்தனர். சில நாட்களிலேயே சங்கத்தில் முன்னின்ற 2 மூத்த பைலட்டுகள் டிஸ்மிஸ் செய்யப்பட்டனர்.

சம்பள உயர்வு கேட்டு அல்ல, அந்த 2 பேரை திரும்ப சேர்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் போராட்டம் வெடித்தது. அப்போதைய சட்டப்படி விமான சேவை பொது பயன்பாட்டு சேவையாக இருந்தது. முறைப்படி நோட்டீசு கொடுக்காமல் ஸ்டிரைக் செய்ய முடியாது. தொழிலாளர் கமிஷனர் முன்பு பேச்சுவார்த்தை நடக்கும்போதும் ஸ்டிரைக் கூடாது. மும்பை ஐகோர்ட்டும் ஸ்டிரைக்குக்கு தடை போட்டது.

அதனால் பைலட்டுகள் வேறு வழியை பிடித்தனர். செப்டம்பர் 8-ந்தேதி நூற்றுக்கணக்கான பைலட்டுகள் ஒரே நேரத்தில் "உடம்பு சரியில்லை" என்று மெடிக்கல் லீவு போட்டனர். 5 நாட்கள் விமானங்கள் வரிசையாக ரத்தாகின. பயணிகள் விமான நிலையங்களில் தவித்தனர். கடைசியில் செப்டம்பர் 12-ந்தேதி இரவு தொடங்கிய பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டது. டிஸ்மிஸ் ஆனவர்களை திரும்ப எடுக்கவும், குறைகளை பேச இரு தரப்பும் சேர்ந்து குழு அமைக்கவும் நிர்வாகம் சம்மதித்தது.

முதல் நாளே உட்கார்ந்து பேசி இருந்தால் 5 நாள் நஷ்டமும் இல்லை, பயணிகள் அவதியும் இல்லை.

சங்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"சங்கமே இல்லாவிட்டால் பிரச்சினை இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் நடக்கவில்லை. சேர்ந்து பேச வழி இல்லாத இடத்தில் பைலட் பேச மாட்டார். பெட்டியை கட்டிக்கொண்டு கிளம்பி விடுவார்.

2022 ஆகஸ்டில் பறக்க தொடங்கிய சின்ன நிறுவனம் ஆகாசா ஏர். மறு ஆண்டே 43 பைலட்டுகள் நோட்டீசு காலத்தை முடிக்காமல் போட்டி நிறுவனங்களுக்கு தாவி விட்டனர். ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கும் நிலை வந்தது. நிறுவனம் மும்பை ஐகோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு போட்டது. டி.ஜி.சி.ஏ. தலையிட வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டுக்கும் போனது. ஆனால் பைலட்டுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேலை ஒப்பந்தத்தில் தலையிட முடியாது என்று டி.ஜி.சி.ஏ. கையை விரித்தது.

2024 ஏப்ரலில் விஸ்தாரா நிறுவனத்திலும் இதே நிலை. ஏர் இந்தியாவோடு இணையும் முன்பு புதிய சம்பள ஒப்பந்தம் போட்டனர். முன்பு மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த சம்பளம், 40 மணி நேரத்துக்கு மட்டும்தான் என்று மாறியது. பைலட்டுகள் பலர் மெடிக்கல் லீவில் போனார்கள். தினமும் 25 முதல் 30 விமானங்களை நிறுவனம் குறைக்க வேண்டி வந்தது.

அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரசில் பைலட்டுகள் அல்ல, பணிப்பெண்கள் உள்ளிட்ட கேபின் ஊழியர்கள் கூட்டமாக லீவு போட்டனர். கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர், திருவனந்தபுரம் என்று வளைகுடாவுக்கு போக வந்தவர்கள் நடுராத்திரியில் நிர்க்கதியாக நின்றனர். 25 பேர் டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். மே 9-ந்தேதி டெல்லியில் தலைமை தொழிலாளர் கமிஷனர் முன்பு நடந்த பேச்சுவார்த்தையில் 25 பேரையும் திரும்ப எடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. இங்கே ஊழியர்களுக்கு சங்கம் இருந்தது. அதனால் கமிஷனர் முன்பு உட்கார்ந்து பேச ஒரு தரப்பு இருந்தது. பிரச்சினை சில நாளில் முடிந்தது.

இனி கூட்டமாக லீவு போட முடியாது

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழில் உறவு சட்டம் இந்த வழியை அடைத்து விட்டது. ஒரு நிறுவனத்தில் பாதி பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான் என்கிறது அந்த சட்டம். ஸ்டிரைக் என்றால் 14 நாள் முன்பே நோட்டீசு தர வேண்டும். இது பைலட்டுக்கு மட்டும் இல்லை. எல்லா தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும்.

கோர்ட்டு வழியாக சங்கங்கள் பெற்ற வெற்றியும் உண்டு. பைலட்டின் வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது. அதை 48 மணி நேரமாக்கவும், இரவு நேரத்தில் விமானத்தை இறக்கும் எண்ணிக்கையை 6-ல் இருந்து 2 ஆக குறைக்கவும் 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. விதி கொண்டு வந்தது. நிறுவனங்கள் எதிர்த்ததால் அது தள்ளி போனது. பைலட் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டில் விடாமல் வாதாடின. 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று 2 கட்டமாக விதி அமலுக்கு வந்தது.

ஆனால் அதற்கு ஏற்ப இண்டிகோ நிறுவனத்திடம் பைலட்டுகள் இல்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி நாடே ஸ்தம்பித்தது. கடைசியில் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10-ந்தேதி வரை விதியில் சலுகை தரப்பட்டது. 2024 டிசம்பர் 20-ந்தேதி புதுவையில் இருந்து பெங்களூரு, ஐதராபாத்துக்கு சேவை தொடங்கியதும் இதே நிறுவனம்தான்.

அந்த டிசம்பரில் பைலட்டுகள் யாரும் ஸ்டிரைக் செய்யவில்லை என்பதை மறக்கக்கூடாது. ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு தேவையான ஆளை முன்கூட்டியே எடுக்காததுதான் பிரச்சினை.

சங்கத்தால் எல்லாம் முடியுமா?

முடியாது. கல்லாவில் பணமே இல்லாத நிறுவனத்தை சங்கம் காப்பாற்ற முடியாது. 2012-ல் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கிங்பிஷர் ஊழியர்கள் போராடினார்கள். அந்த அக்டோபரிலேயே நிறுவனத்தின் லைசென்சு முடக்கப்பட்டது. ஜெட் ஏர்வேசும் 2019 ஏப்ரல் 17-ந்தேதியோடு பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பர் 7-ந்தேதி அதை கலைத்து சொத்துகளை விற்க சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. 2009-ல் திரும்ப வேலைக்கு சேர்ந்தவர்களும், அவர்களோடு மோதிய நிர்வாகமும் ஒரே படகில்தான் மூழ்கினார்கள்.

விமானம் ரத்தானால் பயணி என்ன செய்யலாம்?

எந்த காரணத்துக்காக விமானம் ரத்தானாலும் மாற்று விமானம் அல்லது முழு டிக்கெட் பணம், இரண்டில் ஒன்றை கேட்டு வாங்க பயணிக்கு உரிமை உண்டு. ஆனால் ஸ்டிரைக், தொழிலாளர் தகராறு காரணம் என்றால் அதற்கு மேல் நஷ்ட ஈடு கிடைக்காது. விசா, வேலையில் சேரும் தேதி நெருக்கத்தில் இருப்பவர்கள் கடைசி நாள் விமானத்துக்கு டிக்கெட் போடாமல் ஓரிரு நாள் முன்னதாக போடுவது நல்லது. ரத்து குறித்து வந்த எஸ்.எம்.எஸ்., இ-மெயிலை அழிக்காமல் வைத்து இருந்தால் வெளிநாட்டு முதலாளியிடம் காட்டவும் உதவும்.

"இவங்களுக்கு என்ன குறை?" என்ற கேள்விக்கு வருவோம். மரக்காணம் உப்பளத்தில் ஒரு ஆள் அசந்து போனால் அன்றைய கூலி போகும், அவர் உடம்பு கெடும். காக்பிட்டில் ஒரு ஆள் அசந்து போனால் பின்னால் உட்கார்ந்து இருக்கும் அத்தனை பேரின் கதையும் முடிந்தது. சம்பளம் வேறாக இருக்கலாம். "இதுக்கு மேல முடியல" என்று பயம் இல்லாமல் சொல்ல ஒரு இடம் இரண்டு பேருக்குமே வேண்டும். புதுவை மில் தொழிலாளர்கள் 1936-ல் உயிரை கொடுத்து கேட்டதும் அதைத்தான்.